ஒலிக்காத இரண்டு அழைப்புகள்

அப்பாவுக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருக்கத் தெரியாது. எடுத்த பிறகு வைக்கவும் தெரியாது. யார் பேசினாலும் கடைசியில் "வச்சிடட்டுங்களா?" என்று கேட்டு, அந்தப் பக்கம் சரி என்று சொன்ன பிறகுதான் வைப்பார். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணிடமும் அப்படித்தான். ஒரு முறை பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று இந்தியில் பேசிக்கொண்டே போனது. அப்பா அதனிடமும் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். தவறிய அழைப்பு ஏதாவது இருந்தால் அப்பா திரும்பக் கூப்பிடுவார். "யாரோ தேடியிருக்காங்கல்ல" என்பார்.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்களுக்கு எட்டு மா நிலம். ஏக்கரில் சொன்னால் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. குறுவை, தாளடி என்று வருடத்துக்கு இரண்டு போகமும் அப்பாவே பார்ப்பார். நான் பொறியியல் முடித்துவிட்டு ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. பயன்படுத்துகிறவர் என்னென்ன செய்யக்கூடும், எந்த இடத்தில் அது உடையும் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். எழுதியவர்கள் மறந்துபோனதை நினைவில் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கே சொல்லிவைப்பது அவசியம்.

முதல் சம்பவம் ஐப்பசியில் நடந்தது. குறுவை விற்ற பணம் கணக்கில் வந்திருந்தது. தாளடி நட்டு ஒரு மாதம் ஆகவில்லை. நான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனுடன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அப்பாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் பிறகு சொன்னதை வைத்து அந்தப் பேச்சை எழுதுகிறேன்.

"ஐயா வணக்கங்க. வேளாண்மை ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க. போன வருஷம் மழையில தாளடி மூழ்கிப்போச்சுல்லங்க, அதுக்கு காப்பீடு வந்துருக்குங்க ஐயா. உங்க பேங்க் கணக்கு சேரல. அதான் நிக்குது."

"சொல்லுங்க சார்."

பேசியவன் எங்கள் நிலத்தின் சர்வே எண்ணைச் சொன்னான். உட்பிரிவைச் சொன்னான். பட்டாவில் இருக்கிறபடி தாத்தாவின் பெயரைச் சொன்னான். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் உட்பிரிவு எண் கூடப்பிறந்தவர்களுக்கே மனப்பாடமாகத் தெரியாது. அதைத் தடங்கல் இல்லாமல் சொல்கிறவர் ஆபீஸ்காரராகத்தான் இருப்பார். கர்ணம் ஊர்க் கணக்கு எழுதிய காலத்திலிருந்து இதுதான் அடையாளம். அடையாள அட்டை எதுவும் அப்பா கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அதற்கு மேலான அட்டை காட்டப்பட்டுவிட்டது.

ஏதோ தோன்றி நான் ஹெட்போனைக் கழற்றியபோது அப்பா கூடத்தில் நின்று, போனுக்கு வந்திருந்த ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் ஆறாவது எண்ணையும் சொல்லிவிட்டார். பிறகு, "வச்சிடட்டுங்களா?" என்றார்.

உடனே செய்ய வேண்டியவற்றை எல்லாம் வரிசையாகச் செய்தேன். வங்கி, புகார் எண், காவல் நிலையம். கணக்கிலிருந்து போன குறுவைப் பணம் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் அப்பா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சர்வே நம்பர சரியா சொன்னாருங்க." எழுதிக்கொண்டிருந்த காவலர் தலை நிமிராமலே, "அது கம்ப்யூட்டர்ல யாரு வேணா பாக்கலாம்ங்க ஐயா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். பணம் போனதைவிட அந்தத் தலையசைப்புதான் அவருக்கு அதிகமாக வலித்தது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "போதுங்க. குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல உக்காருங்க. முட்டி வலியோட எத்தன நாளைக்கு?"

"வீட்ல உக்காந்து? உன்கூட சீரியல் பாக்கவா?"

"ஏன், பாத்தா என்ன? அதுலயும் தெனம் ஏமாந்துக்கிட்டுதான் இருக்காங்க. உங்களுக்குப் பிடிக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு வருஷம் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அம்மா, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்த அஞ்சு வருஷம் கெடையாது" என்றாள். எனக்கு அப்பாவைத் தெரியும். வயல் இல்லாமல் அவருக்கு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கத் தெரியாது. ஆகவே இன்னொரு முறை ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒருவர் ஏமாந்துவிட்டால் அவருடைய எண் கைமாறும் போலிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அழைப்புகள் கூடின. கரண்ட்டைத் துண்டிக்கப் போகிறோம் என்றார்கள். உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, அதில் இருக்கக் கூடாத பொருள் இருக்கிறது என்றார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்றும் ஒருவர் பேசினார். அவரைத்தான் அப்பா ஏறக்குறைய நம்பிவிட்டார். வயலில் செல்போன் டவர் வைக்கிறோம், மாத வாடகை தருகிறோம் என்று ஒருவன் பேசியபோது போன் அம்மாவின் கையில் இருந்தது.

"எவ்வளவு ஒசரம் இருக்கும்ப்பா?"

"நூறு அடிங்கம்மா."

"நெழலு விழுமே. நெல்லு எப்படி வெளையும்?"

"நெல்லே வேண்டாங்கம்மா, வாடகையே எக்கச்சக்கமா வரும்."

"அப்ப அந்த டவர உங்க வீட்டுக் கொல்லையிலயே வச்சுக்கய்யா. உங்க அம்மா நல்லா இருப்பாங்க."

நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அவர் மாறிப்போயிருந்தார். போன் அடித்தால் எடுக்காமல், கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். "பாப்பா, இது யாருன்னு பாரு" என்று கூப்பிடுவார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை. வயலிலிருந்து எண்ணைப் படித்துச் சொல்லி, "இத எடுக்கலாமா?" என்று கேட்க எனக்கு ஒரு அழைப்பு வரும். அதற்குள் அடித்தது நின்றிருக்கும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டும் பேனாவுமாக அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன். திட்டம் எளிமையானது. அப்பாவுடன் பேச வேண்டியவர்களின் எண்களை மட்டும் ஒரு பட்டியலில் சேர்ப்பது. பட்டியலில் இல்லாத எந்த எண்ணிலிருந்து வந்தாலும் போன் ஒலிக்காது. அழைக்கிறவருக்கு மணி அடிப்பது போலவே கேட்கும். இந்தப் பக்கம் ஒரு பதிவில் மட்டும் ஒரு வரியாக விழும்.

"உங்ககிட்ட பேச வேண்டியவங்க யார் யாருன்னு சொல்லுங்கப்பா. ஒருத்தரயும் விடாம."

அப்பா நிதானமாகச் சொன்னார். சொந்தக்காரர்கள். வி.ஏ.ஓ. கூட்டுறவுச் சங்கச் செயலாளர். உரக்கடை. டிராக்டர்காரர். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களைக் கூட்டிவரும் அக்கா. மோட்டார் மெக்கானிக். மூட்டு வைத்தியர். அறுவடை மெஷின் ஏஜென்ட். இப்படி நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துக் காட்டினேன். "வேற யாரு?" என்று மூன்று முறை கேட்டேன். "அவ்வளவுதாம்மா, என்னைய வேற யாரு தேடப்போறா" என்றார்.

பிறகு, வேலையில் செய்வது போலவே சோதித்தேன். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து கூப்பிட்டால் ஒலிக்கிறதா: ஒலித்தது. இல்லாத எண்: ஒலிக்கவில்லை. எண்ணை மறைத்துக் கூப்பிட்டால்: ஒலிக்கவில்லை. ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் போன் தானாகவே ஒலிக்க விட்டுவிடும். அவசரமாக இருக்கலாம் என்று செய்து வைத்த ஏற்பாடு அது. கடன்காரக் கம்பெனிகள் விடாமல் இரண்டு மூன்று முறை அடிக்கிறார்கள் என்பதால் அதையும் நிறுத்தினேன். தடுக்கப்பட்ட அழைப்புகள் திரையில் தெரிந்தால் அப்பா திரும்பக் கூப்பிடுவார். ஆகவே அவர் கண்ணில் படாமல் அவற்றை மறைத்தேன். வாரம் ஒரு முறை, ஞாயிறன்று, நானே பதிவைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வீடு அமைதியானது. முதல் இரண்டு நாள் அப்பா போனைத் தட்டிப் பார்த்து, "செத்துப்போச்சா?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. அடித்தால் பயமில்லாமல் எடுத்தார். மார்கழியில் பழையபடி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகத் தொடங்கினார். வரப்பில் நின்று உரக்கடைக்காரருடன் சத்தமாகச் சண்டை போட்டதாக ஊரில் சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அம்மாகூட, "பரவால்ல, படிக்கவச்ச காசுக்கு ஒரு வேல பண்ணியிருக்க" என்றாள். ஞாயிறுதோறும் பதிவைத் திறந்து பார்ப்பேன். வரிசையாகக் குப்பை. ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை.

அந்தப் பதிவைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மாசி பிறந்தபோது தாளடி பழுத்திருந்தது. இப்போது எங்கள் பக்கம் ஆள் வைத்து அறுப்பது கிடையாது. எல்லாம் மெஷின்தான். பருவத்துக்குச் சேலம் பக்கத்திலிருந்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஊருக்கு ஒரு ஏஜென்ட் இருப்பார். அவரிடம் சொல்லிவைத்தால், "ரெண்டு நாள்ல வந்துரும், ரெடியா இருங்க" என்பார். எங்கள் ஏஜென்ட்டும் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் சொன்னார். அவர் எண் பட்டியலில் இருந்தது, அந்த அழைப்பு ஒலித்தது, அப்பா எடுத்தார். எல்லாம் சரியாக நடந்தது.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வண்டி வயலில் இறங்குவதற்கு முன் கூப்பிடுகிறவர் ஏஜென்ட் இல்லை, டிரைவர். ஒரு வயல் முடியப் போகும்போது அடுத்த வயல்காரருக்கு அவர் தன் போனிலிருந்து அடிப்பார். வருகிற டிரைவர் பருவத்துக்குப் பருவம் வேறு ஆளாக இருப்பார். அவருடைய எண் யாரிடமும் இருக்காது. இரண்டு முறை அடித்தும் எடுக்காவிட்டால் வண்டி அதற்கடுத்த வயலுக்குப் போய்விடும். மணிக்கணக்கில் வாடகை ஓடும் வண்டி யாருக்காகவும் நிற்காது. டெல்டாவில் நெல் வைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அதனாலேயே அப்பா இதைச் சொல்லவில்லை. நான் இதே வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் மெஷின் வந்த வருடங்களில் எல்லாம், அறுவடை நேரத்தில் நான் விடுதியில் இருந்தேன் அல்லது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை அப்பா விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பார்த்தார். மெஷின் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வர மதியம் ஆகும் என்று கணக்குப் போட்டு, சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்ள வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கும் வயலுக்கும் இரண்டு கிலோமீட்டர். முட்டி அப்போது வீங்கியிருந்தது. கூடத்தில் நாற்காலியைப் போட்டு, போனைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக்குகளும் தார்ப்பாயும் வாசலில் கட்டித் தயாராக இருந்தன. நான் அறையிலிருந்து தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதெல்லாம் அவர் அப்படியேதான் இருந்தார்.

"போய் ஒரு தடவ பாத்துட்டு வரலாம்லப்பா?"

"எதுக்கு? வண்டி வந்தா அடிப்பாங்கல்ல. போன் கையிலதான இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நான்தான் கொடுத்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வயலைத் தாண்டி இருந்த இரண்டு வயல்கள் அறுத்து முடிந்திருந்தன. எங்களுடையது நின்றுகொண்டிருந்தது. மெஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்தே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவ அடிச்சாங்களாம் பாப்பா. நான் எடுக்கலையாம். கையிலயேதான வச்சிருந்தேன்?"

அவர் முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. போனை வாங்கிப் பதிவைத் திறந்தேன். 10:42. 10:44. ஒரே எண். அதற்கு மேலே ஒரு கடன் கம்பெனி, கீழே ஒரு கடன் கம்பெனி. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது எந்த நம்பரு?"

"டிரைவர் நம்பரா இருக்கும்ப்பா."

"ஏஜென்ட் நம்பர குடுத்தேனே."

"ஏஜென்ட் கூப்பிடல. டிரைவர் கூப்பிட்டுருக்காரு."

"ஆமா. டிரைவர்தான கூப்பிடுவாரு" என்றார். அவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா பூட்டுன போ" என்றாள். "திருடனயும் வெளிய நிறுத்திட்ட, வீட்டுக்காரனயும் வெளிய நிறுத்திட்ட." அப்பா அவளைப் பார்த்து, "நீ சும்மா இரு" என்றார். எனக்காக அவர் பேசியதில் அது முதலாவது.

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். டிரைவர் மரியாதையாகப் பேசினார். "ரெண்டு தடவ அடிச்சேனுங்கம்மா. எடுக்கலீங்க. பக்கத்து வயக்காரரு வா வான்னு நின்னாருங்க. வண்டி சும்மா நின்னா ஓனருக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும். இப்ப நாகப்பட்டினம் ரோட்டுல போயிட்டிருக்கோமுங்க." அவரிடம் தவறு எதுவும் இல்லை. நன்றி சொல்லி வைத்தேன். நாளைக்கு வேறு வண்டிக்குச் சொல்கிறேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாசியில் பெய்யக் கூடாத மழை. மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் அப்பாவுடன் நானும் போனேன். பக்கத்து வயல்களில் அறுத்த தாள் மட்டும் தண்ணீரில் நின்றது. எங்கள் வயலில் பயிர் மொத்தமாகச் சாய்ந்து, கதிர்கள் சேற்றில் அழுந்திக் கிடந்தன. அப்பா வரப்பிலிருந்து குனிந்து ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தார். மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதை என்னிடம் காட்டவில்லை. திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்.

அடுத்த வண்டிக்காக ஏஜென்ட்டைப் பார்க்கப் போனோம். போனில் சொன்னால் போதாது, நேரில் நின்று கேட்டால்தான் முன்னால் தருவார் என்று அப்பா சொன்னார். ஏஜென்ட் சாலைத் திருப்பத்தில் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அவரைச் சுற்றி எங்களைப் போலவே நான்கைந்து பேர்.

"வாங்க ஐயா. மெஷினுக்குச் சொல்லிட்டுத் தூங்கிட்டீங்களாமே? மாப்ள தூங்கிப்போயி முகூர்த்தம் தவறுன கதையால்ல இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பது வருடமாக விடிவதற்கு முன் வயலில் நிற்கும் மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"ஆமாப்பா. முட்டி வலிக்கு மாத்திர போட்டேன். அசந்துட்டேன்."

"போனையாவது தலமாட்டுல வச்சுக்கக் கூடாதா?"

"அதான் சொல்றேனே, அசந்துட்டேன். என் தப்புதான். நீ ஒரு வண்டி பாத்துக் குடு."

நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் தூங்கவில்லை, நான்தான் அழைப்பைத் தடுத்துவைத்திருந்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. பிறகு அதற்கான காரணங்களை எழுதிப் பார்த்தேன். அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். மறுத்தால் அவரைப் பொய்யராக்குவது போல ஆகும். மகள் சொல்லித்தான் போன் அடிக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு இன்னும் அவமானம். அங்கிருந்தவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. மூன்றும் நியாயமாகத்தான் தெரிந்தன. மூன்றுக்கும் கீழே நான்காவதாக ஒன்று இருந்தது. நான் படித்த பெண் என்று அந்த பெஞ்சில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது கெடுவதை நான் விரும்பவில்லை.

ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது. சாய்ந்த பயிரில் அது ஊர்ந்து ஊர்ந்து போனது. இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. வந்த நெல் கறுத்து, முளைத்து, புளித்த வாடை அடித்தது. கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்கள்; ஈரப்பதம் பார்க்கும் கருவியைக்கூட எடுக்கவில்லை. "இத எப்படிங்க ஐயா எடுக்கறது?" என்று வருத்தமாகத்தான் சொன்னார்கள். கடைசியில் கோழித் தீவனத்துக்கு வாங்கும் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். பக்கத்து வயல்காரர்களின் மூட்டைகள், மழைக்கு முன் அறுத்தவை, அதே நிலையத்தில் எடை போட்டுத் தைத்து அடுக்கப்பட்டிருந்தன.

அந்தப் பட்டியலை நான் வண்டி தவறிய அன்று மாலையே எடுத்துவிட்டிருந்தேன். மறுபடியும் எல்லா அழைப்புகளும் ஒலித்தன. இது சரியாகிவிடும், பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்று நினைத்தேன். அப்படி ஒரு நிலை இல்லை. முன்பு அப்பாவுக்குப் போன் அடித்தால் மட்டும்தான் பயம். இப்போது அது அடிக்காமல் கிடந்தாலும் பயம். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் எடுத்துப் பார்ப்பார். "வரதெல்லாம் அடிக்குதா பாப்பா?" என்று கேட்பார். என் போனிலிருந்து கூப்பிட்டு அடிக்கவைத்துக் காட்டுவேன். தலையாட்டுவார். கால் மணி நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார். உண்மையாகவே ஏதாவது அழைப்பு வந்தால், பச்சையை அழுத்துவதா சிவப்பை அழுத்துவதா என்று நிற்பார். பிறகு அதை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு வயலுக்குப் போகத் தொடங்கினார். கோடை உழவுக்கு டிராக்டர்காரர் அடித்தது அலமாரியில்தான் ஒலித்தது. அம்மா எடுக்கப் போவதற்குள் நின்றுவிட்டது.

அம்மா அப்போது குத்தகை என்ற சொல்லையே எடுக்கவில்லை. வைகாசியில், அணை திறப்பதைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கிய சமயம், அப்பாவே ஆள் அனுப்பித் தெற்குத் தெருக்காரர் ஒருவரை வரச்சொன்னார். அப்பாவை விடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஏற்கெனவே நான்கைந்து பேர் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூன்று அழைப்புகள் வந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, அரை நிமிடத்தில் முடித்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். அப்பா அதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, ஒரு வெள்ளாம போனதுக்கா விடறீங்க? எனக்குப் போன வருஷம் ரெண்டு போச்சு."

"வெள்ளாம போனதுக்கு இல்லப்பா."

"பின்ன?"

"இப்ப எல்லாம் போன்லதான் நடக்குது. மெஷினு, டிராக்டரு, உரம், கொள்முதல், எல்லாம். எடுத்தாலும் தப்பாப் போவுது, எடுக்காட்டியும் தப்பாப் போவுது. எனக்குப் பிடிபடல. வயலு பிடிபடுது. இது பிடிபடல."

"பசங்க பாத்துக்குவாங்கண்ணே" என்று அவர் என்னைக் காட்டினார்.

நான் உடனே சொன்னேன். வெகுநாளாக மனதில் தயார் செய்து வைத்திருந்தது அது. "ஆமாப்பா. போன நான் வச்சுக்கறேன். எல்லா காலையும் நானே எடுக்கறேன். யாரு எதுக்குக் கூப்பிட்டாலும் உங்ககிட்ட வந்து சொல்றேன். டிரைவர் உட்பட. நீங்க வயல மட்டும் பாருங்க. ஆபீஸ்லகூடச் சொல்லிட்டேன், அறுப்புச் சமயத்துல லீவு போட்டுக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் சாதாரணமாக இருந்தது. சின்ன வயதில், சைக்கிள் ஓட்டிக் களைத்த என்னிடமிருந்து சைக்கிளை வாங்கிக்கொள்வாரே, அந்தக் குரலில் சொன்னார்:

"நீ பாத்தது போதும்மா."

அதில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குத்தகைக்காரர் எத்தனை மூட்டை என்று பேச ஆரம்பித்தார். நான் அறைக்குள் போய், விட்ட வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்குச் சோதிக்க வேண்டியவை பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டையும் முடித்தேன்.

குறுவைக்குக் குத்தகைக்காரர் எங்கள் வயலில் நாற்று விட்டுவிட்டார். அப்பா இன்னும் போய்ப் பார்க்கவில்லை.